ஜெயிலையும் காட்டினோம், ஜூவையும் காட்டினோம்

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஜூவுக்குப் போனோம். பொழுதுபோக்குக்காகப் போகவில்லை. என் பேரன் பிரபுவின் கல்யாணத்தைப் பேசி முடிப்பதற்காகப் போனோம்.

கல்யாணம் பேச யாராவது ஜூவுக்குப் போவார்களா? நல்ல கேள்வி. அன்றைக்குக் காலையிலேயே இதை யாராவது எங்களிடம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்...

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தமானில், குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, மருமகள் செல்வி, பிரபுவின் அம்மா, போனில் தட்டுகிறாள். நான் பேசுவது பேச்சு, அவள் தட்டுவது பத்திரிகைத் தமிழ். பிடிக்காத இடம் வந்தால் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். "தட்டும்மா" என்பேன். இன்றைக்கு அப்படி ஓரிரண்டு இடம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிரபுவுக்கு ஹார்பர் ஆபீசில் வேலை. குடி கிடையாது, பாக்கு கிடையாது. ஆளும் பார்க்க லட்சணமாக இருப்பான் - என் பேரன் என்பதற்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனாலும் பெண் அமையவில்லை. ஊர்ப் பக்கம் ஜாதகம் பொருந்தும், போட்டோ பிடிக்கும், பையனையும் பிடிக்கும். கடைசியில் யாராவது ஒரு பெரியப்பா எழுந்து, "அந்தமானா? அங்க ஜெயில்தானே இருக்கு?" என்பார். அவ்வளவுதான். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாங்கள் கிளம்பவேண்டியதுதான்.

ஒரு வீட்டில் அங்கே அரிசி கிடைக்குமா என்று கேட்டார்கள். நான் அரிசியைத் தின்றுதான் இந்த உடம்பு வந்தது என்று சொல்லியிருக்கலாம். செல்வி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இந்த நிலையில்தான் கோவில்பட்டி வரன் வந்தது. பெண் பெயர் நித்யா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா இல்லை, அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா சண்முகத்தாய் ஒற்றை ஆளாக வளர்த்திருக்கிறார். பிரபு லீவில் போய்ப் பெண்ணைப் பார்த்தான். பிடித்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கும் பிடித்த மாதிரிதான் தெரிந்தது என்றான். அம்மா மட்டும், "வீடு வாசலை ஒரு தரம் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாராம்.

நியாயம்தானே? பெற்றவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

வந்தார். ஆனால் பெண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் மெதுவாகக் கேட்டேன், "ஏன் தாயி, பிள்ளைய ஊர்ல விட்டுட்டு வந்திருக்கலாமே?"

"தனியாவா அத்தை? இவள நான் ஒரு நா கூடத் தனியா விட்டதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். பள்ளிக்கூடம் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறதாம். அந்த ரோட்டைத் தாண்டுவதற்கும் அம்மா கூட நிற்பாராம். உள்ளே போன பிறகு இடைவேளைக்கு ஒரு போன், சாப்பாட்டுக்கு ஒரு போன். அந்தப் பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தரையில் இருந்த டைல்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

வந்ததும் சண்முகத்தாய் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நடந்து டவர் பார்த்தது. ஹாலில் வந்தது. பெட்ரூமில் வந்தது. சமையலறையில் வரவில்லை. எங்கள் சமையலறைக்குப் பின்னால் மேடு, அங்கே என்றைக்குமே வராது. யாராவது போன் பண்ணினால் செல்வி கரண்டியோடு வெளியே ஓடுவாள்.

சண்முகத்தாய் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அது பரவால்ல மதினி. இவளுக்கு அடுப்புப் பக்கமே வேல கிடையாது. சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது" என்றார். செல்விக்கு முகம் போன போக்கை நான் சொன்னாலும் தட்டமாட்டாள். விடுங்கள்.

இனிமேல் வருவது எங்கள் தப்பு. முழுக்க எங்கள் தப்பு.

மெயின்லேண்டிலிருந்து விருந்தாளி வந்தால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் ஜெயில். மறுநாள் டவுனுக்கு வெளியே சிடியாடாப்பு பக்கம் ஜூ, அப்படியே பீச், சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு வீடு. யார் வந்தாலும் இதுதான். சித்தப்பா வந்தாலும் இதுதான், ஆடிட் வந்தாலும் இதுதான். யாரும் உட்கார்ந்து யோசிப்பதே கிடையாது. கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

தீவு ஒரு ஜெயில் என்று பயந்து வந்திருக்கிற அம்மாவை என் மகன் முருகன் முதல் நாளே ஜெயிலுக்குக் கூட்டிப் போனான்.

கூட்டிப் போனதோடு விட்டானா? கைடு மாதிரி முன்னால் நடந்து ஒவ்வோர் அறையாக விளக்கினான். கம்பிக் கதவு, வெளியே சுவருக்குள் புதைத்த தாழ்ப்பாள், உள்ளே இருப்பவன் கை எட்டாது... அவனுக்குப் பிறந்து வளர்ந்த ஊர், பெருமை இருக்காதா? சண்முகத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இதுலருந்து யாரும் தப்பிச்சுப் போனது உண்டா அண்ணாச்சி?"

"எங்கங்க போறது? கதவைத் திறந்தே விட்டாலும் சுத்திக் கடல்தானே" என்றான் என் மகன், சந்தோஷமாக.

செல்வி பின்னாலிருந்து அவன் முதுகில் கிள்ளினாள். "சுப் ரஹோ ஜி" என்றாள். வாயை மூடு என்று அர்த்தம். இது எங்கள் தீவில் இன்னொரு வழக்கம். இங்கே பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லோரும் கலந்து கிடப்பதால் ஹிந்திதான் பொதுப் பேச்சு, நானே கடைத்தெருவில் ஹிந்தியில் சண்டை போடுவேன். மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர் வந்துவிட்டால் அதே ஹிந்தி ரகசியப் பேச்சாகிவிடும். அவர்கள் எதிரிலேயே அவர்களைப் பற்றிப் பேசலாம். காபி போதுமா, இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள், எல்லாம் ஹிந்தியில்தான்.

மறுநாள் ஞாயிறு. பழக்க தோஷம், வண்டி ஜூவுக்குத் திரும்பியது.

டவுனைத் தாண்டிக் காட்டுப் பாதை வந்ததும் சண்முகத்தாயின் போனில் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசியில் ஒன்றுமே இல்லை.

"என்ன அண்ணாச்சி, டவரே காணும்?"

"இங்க அப்படித்தாங்க. மழை அடிச்சா டவுன்லயே போயிரும். ஒரு தடவை நெட்டே ரெண்டு நாள் இல்ல. கடலுக்குள்ள கேபிள் பந்த்" என்றான் முருகன். பெற்ற பிள்ளையை என்ன சொல்ல?

போன் போனதும் அந்த அம்மாவுக்குக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் கை வைக்காதே, காற்று முகத்தில் அடிக்கிறது, துப்பட்டாவைப் போர்த்து... வழி நெடுகப் பேச்சு. பின் சீட்டில் என் பக்கத்திலிருந்த செல்வி அடக்கமாட்டாமல் ஹிந்தியில் சொன்னாள்: "யே மா ஹை யா ஜெயிலர்?"

அம்மாவா, ஜெயிலரா.

(தட்டும்மா. நீ சொன்னதுதானே?)

நித்யா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஜூவில் எனக்கு ஒரு கஷ்டம் உண்டு. கூண்டுக்குக் கூண்டு போர்டு வைத்திருப்பார்கள், எனக்குப் படிக்க வராது. என் வீட்டு ஆட்கள் ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நித்யா அப்படி இல்லை. நான் கேட்காமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு போர்டாக வாசித்தாள். "ஆச்சி, இது நிக்கோபார்க் குரங்கு. நண்டு திங்குமாம்." குரங்கு கம்பியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தது. நண்டு திங்கிற குரங்குக்குத் தட்டில் வாழைப்பழமும் வேகவைத்த கிழங்கும் வைத்திருந்தார்கள். கடற்கரைக் குரங்குக்குக் கிழங்கு. என்னைக் கொண்டுபோய் மூன்று வேளையும் சப்பாத்தி போடும் வீட்டில் விட்டால் எப்படி இருக்குமோ, அப்படி அது பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. தோன்றியதுதான். குரங்கிடம் கேட்டா பார்த்தேன்?

கேட்டாலும் அது என்ன சொல்லும்? நேரத்துக்குச் சாப்பாடு, நிழல், உடம்புக்கு வந்தால் டாக்டர். என்ன குறை உனக்கு என்று கேட்டால், வாயுள்ள மனுஷருக்கே பதில் வருவதில்லை.

அடுத்து ஒரு பெரிய வலைக்கூண்டு. உள்ளே மூக்கு பெருத்த பறவை ஒரு ஜோடி. நார்கொண்டம் என்று ஒரு குட்டித் தீவிலிருந்து வந்தவையாம். தட்டில் பப்பாளி வெட்டி வைத்திருந்தது. ஒரு மைனா வலைக்கண் வழியாக நுழைந்தது, பப்பாளியைக் கொத்தியது, வந்த வழியே வெளியே போய் மரத்தில் உட்கார்ந்து வாயைத் துடைத்தது. திரும்ப வந்தது. திரும்பப் போனது. பெரிய பறவை இரண்டும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தன.

சண்முகத்தாய் அந்த மைனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது பரவால்ல. வருது, போவுது" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அங்கேதான்.

பிறகு முதலை.

எங்கள் உப்புத்தண்ணி முதலை பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது தன்பாட்டுக்கு உப்பங்கழியில் கிடக்கும். ஊருக்குப் பக்கத்தில் வந்து பயம் காட்டினால் பிடித்துக்கொண்டு வந்து இங்கே போட்டுவிடுவார்கள். ஆக, ஜூவில் மற்றதெல்லாம் சும்மா வந்தது, முதலை மட்டும் கேஸில் மாட்டி வந்தது.

சிமென்ட் தொட்டிக் கரையில் வாயைத் திறந்தபடி கிடந்தது. அசையவில்லை. டூரிஸ்ட் கூட்டம் ஒன்று, "அரே உட்டோ, உட்டோ" என்று கத்திக் கைதட்டியது. எழுந்திருக்கணுமாம். எழுந்தால் இவர்கள் நிற்பார்களா?

எனக்கு இங்கே வடக்கே இருக்கிற லாங் ஐலண்ட் தீவு ஞாபகம் வந்தது. கல்யாணமாகி முதலில் அங்கேதான் இருந்தேன். வீட்டுக்காரருக்கு மரம் அறுக்கும் வேலை. கழியில் ஒரு முதலை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நாயைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் எவ்வளவோ நாள் நாங்கள் பெண்கள் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக்கொள்வோம். அப்போது உள்ளே இருந்தது நாங்கள், வெளியே திரிந்தது அது. இப்போது மாற்றி வைத்திருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது கொஞ்சம் திருப்தியாக இருந்தது. கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. இரண்டும் இருந்தது என்றுதான் சொல்வேன்.

அந்த இடத்தில் வைத்துத்தான் சண்முகத்தாய் என்னிடம் கேட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அத்தை, நீங்க பெரியவுக. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். ஊர்ல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவ வந்து சேந்துருவாளா?"

முருகன் முந்திக்கொண்டான். "இப்பல்லாம் பிளேன் இருக்குங்க. காலைல ஏறினா..."

"அண்ணாச்சி, ஒங்கள கேக்கல."

என்ன சொல்வது? எதிரே பேரனின் கல்யாணம் நிற்கிறது. ஒரு சின்னப் பொய், அவ்வளவுதான். செல்வி கண்ணாலேயே கெஞ்சுகிறாள். ஆனால் அந்த அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவரிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"சேந்துருவான்னு என்னால சொல்ல முடியாது தாயி. எங்கம்மா செத்ததுக்கு எனக்குத் தந்தி வந்துச்சு. லாங் ஐலண்ட்ல இருந்து டவுனுக்கு வர போட் கெடைக்கல. வந்தா கப்பல் போயிருச்சு. அடுத்த கப்பல் புயல்னு தள்ளிப் போச்சு. நான் போய்ச் சேந்தப்ப காரியமெல்லாம் முடிஞ்சு, பந்தலக்கூடப் பிரிச்சுட்டாங்க. இப்ப பிளேன் இருக்கு, நெசந்தான். ஆனா மழைக் காலத்துல அதுவும் எறங்காமத் திரும்பிப் போகும். அதையும் பாத்திருக்கேன்."

முதலையும் நாங்களும் ஒரே மாதிரி வாயைத் திறந்தபடி இருந்தோம். செல்வி தலையில் கை வைக்காத குறை. முடிந்தது, இந்த வரனும் போயிற்று என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் சண்முகத்தாய் திரும்பிப் பார்த்தார்.

"நித்யா எங்க?"

காணோம். இத்தனை நேரம் என் பக்கத்தில் போர்டு வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை. குரங்குக் கூண்டிலும் இல்லை, பறவைக் கூண்டிலும் இல்லை. சண்முகத்தாய் போனை எடுத்தார். டவர் இல்லை. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். இல்லை. இல்லாத டவரிலேயே மறுபடி மறுபடி அடித்தார், எங்கே இருக்கிறாய் என்று மெசேஜ் மேல் மெசேஜாகவும் தட்டினார்.

பிறகு சந்தேகம் வந்தது. "ஒங்க பேரன் எங்க?"

பிரபு எல்லோருக்கும் டீ வாங்கப் போயிருந்தான். நானும் டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள்... சொல்ல முடியுமா? பார்த்தால், அட்டை டம்ளர்களைத் தட்டில் தூக்கிக்கொண்டு பிரபு வருகிறான். தனியாக.

சண்முகத்தாய்க்கு முதலில் நிம்மதி. அடுத்த நொடி நிம்மதி போய்விட்டது. இவனோடும் இல்லையென்றால் எங்கே போனாள்?

"பீச்சுக்குப் போயிருப்பாளோ?" என்றான் பிரபு.

"பீச்சுக்கா? அங்க முதலை போர்டுல்ல வச்சிருக்கான்" என்றான் முருகன்.

இந்த முறை செல்வி கிள்ளவில்லை. ஹிந்தியும் பேசவில்லை. "கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள், நல்ல தமிழில்.

சண்முகத்தாய் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பிரபு டீயை யார் கையிலோ கொடுத்துவிட்டு எங்களைத் தாண்டி ஓடினான். எனக்கு ஓட்டம் ஏது? ஆனால் அன்றைக்கு நடந்தேன். கடல் எங்களுக்குப் பழகிய பொருள்தான், முதலையும் பழகிய பொருள்தான், அதனால்தான் பயம். தெரியாதவர்களுக்கு அது சும்மா ஒரு படம்.

படிக்கத் தெரியாத எனக்கும் புரிகிற ஒரே போர்டு அது. வாய் திறந்த முதலை.

பாதி வழிகூடப் போகவில்லை. எதிரே ரோட்டோரமாக நித்யா வருகிறாள். அவசரமே இல்லாமல் வருகிறாள். சுடிதார் ஓரமெல்லாம் மணல். கையில் ஒரு காய்ந்த விதை. பிரபு அவளுக்குப் பத்தடி தள்ளி, ஒன்றும் கேட்காமல், கூட நடந்து வருகிறான்.

சண்முகத்தாய் மூச்சு வாங்க நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"எங்கட்டி போன?"

"கடல் பாக்கம்மா."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல."

"தண்ணில எறங்கினியா?"

"இல்லம்மா. போர்டு பாத்தேன். மேலயே ஒரு பெரிய மரம் சாஞ்சு கெடந்துச்சு, அதுல உக்காந்திருந்தேன்."

"உக்காந்து?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

"பயமா இல்லையா ஒனக்கு?"

அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னது. "மொதல்ல இருந்துச்சு. எப்படியும் இப்ப நீ போன் அடிப்பன்னு எடுத்து எடுத்துப் பாத்தேன். அடிக்கல. அப்புறம் பயம் போயிருச்சு." நிறுத்தினாள். "நல்லா இருந்துச்சும்மா."

மரியாதையில்லாமல் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் செருப்பைக் கீழே போட்டேன். சண்முகத்தாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை நுழைத்தார். மறு கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பிடியையும் நான் குறை சொல்லமாட்டேன். புருஷன் இல்லாத வீட்டில் ஒரு பெண் பிள்ளையை வைத்து வளர்த்தவர். கதவைச் சாத்தித்தான் வளர்க்கவேண்டும், அவருக்கு வேறு வழி தெரியவில்லை. லாங் ஐலண்டில் நாங்களும் முதலைக்குப் பயந்துதானே கதவைச் சாத்தினோம்? ஒரே வித்தியாசம், முதலையைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் நாங்கள் திறந்துவிட்டோம்.

சூரியன் இறங்குவதை யாரும் பார்க்கவில்லை. டவுன் நெருங்கியதும் டவர் வந்தது. வந்ததும், ஜூவில் தட்டித் தட்டிப் போகாமல் நின்ற மெசேஜ் எல்லாம் நித்யாவின் போனில் வரிசையாகக் குதித்தது. டிங், டிங், டிங்... நிற்கவே இல்லை. எல்லோரும் கேட்டோம். சண்முகத்தாயும் கேட்டார். கடைசியில் அவரே கையை நீட்டி மகளின் போனைச் சத்தமில்லாமல் வைத்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தார். ஹாலில் ஆண்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சமையலறையில் நாங்கள் பெண்கள் மட்டும். செல்வி மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இங்க வந்ததுலருந்து எல்லாரும் ஒரு கஷ்டமும் இல்லன்னே சொல்லுதாக. நீங்க ஒருத்தர்தான் கப்பல் கெடைக்காதுன்னீக."

"கெடைக்காதது நெசந்தானே தாயி."

"அதான் ரோசிச்சேன். இவ வரணும் வரணும்னே நெனைச்சுக்கிட்டிருந்தேன். அந்தக் கப்பல் அங்கருந்தும் வரும்ல?"

"வரும். அந்தக் கப்பல்தான் இந்தக் கப்பல்."

"அப்ப நான் வாரேன். வருசத்துக்கு ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போறேன். முடியாமப் போற காலம் வந்துச்சுன்னா முன்னாலயே வந்துருதேன். செத்தப்புறம் இவ வந்து என்னத்துக்கு?" சோற்றைப் பிசைந்தார். "தேதி குறிக்கச் சொல்லுங்க."

சாவை இவ்வளவு சாதாரணமாகப் பேசி ஒரு கல்யாணம் நிச்சயமானதை நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. செல்வி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

ஆனால் நான் பார்த்தது நித்யாவை. முகம் மலர்ந்தது. பிறகு, வருஷத்துக்கு ஒரு மாதம் என்பது உள்ளே போய்ச் சேர்ந்தது போல. மீதி மாதங்களுக்குப் போன் இருக்கிறதே என்பதும் சேர்ந்திருக்கும். சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு, ஜன்னல், பின்னால் மேடு. பிறகு செல்வியைப் பார்த்து, தெளிவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"ஆன்ட்டி, கிச்சன் மே சிக்னல் நஹி ஆத்தா, ஹை நா?"

சமையலறையில் சிக்னல் வராது, இல்லையா?

சுத்தமான ஹிந்தி. எங்கள் கடைத்தெரு ஹிந்தி இல்லை, புத்தக ஹிந்தி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றுதான் கேட்டோமே தவிர, என்ன பாடம் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

செல்வியின் கரண்டி சட்டிக்குள் விழுந்தது. ஜெயிலர் ஞாபகம் வந்திருக்கும். (தட்டும்மா, தட்டு.) நித்யா அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். கோபம் இல்லை என்று தெரிந்தது. செல்வி சட்டிக்குள் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள், நான் பதில் சொன்னேன்.

"பில்குல் நஹி." சுத்தமாக வராது.

"என்ன அத்தை கேக்கா?" என்றார் சண்முகத்தாய்.

நித்யாவே அம்மா பக்கம் திரும்பினாள். "ஒண்ணுமில்லம்மா. நான் சமையல் கத்துக்கிடுதேன்னு சொன்னேன்."

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்று மகளின் தலையைத் தடவினார் அந்த அம்மா. அவ்வளவு சந்தோஷம்.

இந்தப் பத்திரிகை கோவில்பட்டியில் கிடைக்காது என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.